ஏழு வெற்றி

ஓர் ஊர்ப் பால் சங்கத்தில் அல்லி என்பவள் தற்காலிகமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். சங்கத் தலைவர் சிங்காரவேலுவோ, பட்டம் சேர்க்காமல் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"உறுப்பினர் பட்டியலைத் திறக்கிற அனுமதி வெறும் சிங்காரவேலுங்கிற பேர்ல இருக்கே? 'பால்வள வேந்தர் சிங்காரவேலு'ன்னு மாத்து" என்றார் ஒருநாள்.

அல்லி மாற்றிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை; 'அப்படி ஒருவர் இல்லை' என்று பிழை வந்தது.

"என்னையா இல்லைங்குது? இனி எதைத் தட்டினாலும் 'வெற்றி'ன்னுதான் காட்டணும். இன்னொரு பிழை வந்துச்சு, உனக்கு இங்கே வேலை இல்லை!"

"மறைச்சா பிழை போயிடாதுங்கய்யா."

"சொன்னதைச் செய்!"

செய்தாள்.

மறுவாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா பட்டியலைக் கேட்டார். தலைவர் பட்டத்தோடு தன் பேரைத் தட்டினார். 'வெற்றி' என்றது திரை, பட்டியல் வரவில்லை. மறுபடி தட்டினார், மறுபடியும் வெற்றி. ஏழாவது வெற்றியில் அல்லி பக்கம் திரும்பினார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"வேந்தர்னு ஒருத்தர் இல்லைன்னு அது சொல்லத்தான் பார்க்குதுங்கய்யா. நீங்கதான் சொல்லவிடல."

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ யாருக்குத்தான் திறக்கும்?" என்றார்.

"வெறும் சிங்காரவேலுவுக்குத் திறக்கும்ங்க."

எல்லோர் முன்னாலும் தலைவர் தன் பட்டத்தை எழுத்து எழுத்தாக அழித்தார். பட்டியல் டக்கென்று திறந்தது.

'பிழை வந்தால் காட்ட வேண்டும். காட்டுவதற்கு அல்லியே இருக்க வேண்டும்' என்று ஆய்வுப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார் அதிகாரியம்மா.