மதகுக்கு வந்த தீர்ப்பு

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கனகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஊர் முழுக்கத் தன்னைப் பற்றியே பேச வேண்டும் என்ற ஆசை அவனுக்குக் கொஞ்சம் அதிகம்.

அவனுடைய அமைச்சர் அம்பலவாணருக்கு அந்த வருஷம் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரு வழக்கால் வந்த வினை. பெரிய ஏரிக்குக் கருங்கல் மதகு கட்டுவதாகச் சொல்லி அரண்மனைப் பணத்தை வாங்கிய ஏரி அதிகாரி தண்டபாணியார், செங்கல்லை அடுக்கி மேலே சுண்ணாம்பு பூசிவிட்டார். விஷயம் சபைக்கு வந்தது. சாட்சிகளை விசாரித்தாயிற்று. தீர்ப்புதான் வரவில்லை. ராஜா "அடுத்த சபையில்", "அடுத்த சபையில்" என்று தள்ளிக்கொண்டே போனான்.

கடைவீதியில் வேறு பேச்சே கிடையாது.

"தலை போயிடும், பாரேன்!" என்றான் வெற்றிலைக்காரன்.

"போடா! மிஞ்சிப்போனா நாடு கடத்துவாங்க."

"ரெண்டும் இல்ல. மாலை போட்டு வீட்டுல கொண்டுபோய் விடுவாங்க. அவரு யாரு, ராஜாவோட சின்ன மாமனாருக்குச் சகலை!"

பணியாரம் கருகியது தெரியாமல் பணியாரக்காரி வாதாடினாள். தலை என்று சொன்ன சம்பந்தி வீட்டுக்கும் மாலை என்று சொன்ன சம்பந்தி வீட்டுக்கும் சண்டை முற்றி, நிச்சயம் பண்ணிய கல்யாணமே நின்றுபோனது. ஒற்றர்கள் இதையெல்லாம் தினமும் வந்து சொல்ல, ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

இதில் அம்பலவாணரை அரித்தது வேறு ஒன்று. வழக்கு முடியும்வரை வழக்குப் பொருளை யாரும் தொடக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். மதகின் பலகையை இறக்கி, கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். ஏரி நிறையத் தண்ணீர். கீழே வயலெல்லாம் வெடிப்பு.

கடைமடையிலிருந்து காத்தாயி என்பவள் இடுப்பில் பிள்ளையோடு நேராக அமைச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஐயா, அந்த மனுசனத் தூக்குல போடுங்க, இல்ல தோள்ல தூக்கிவச்சு ஆடுங்க. எனக்குத் தண்ணிய விடுங்க. பயிரு சூல் கட்டி நிக்குது. இந்த வாரம் தண்ணி பாயலேன்னா வைக்கோல்கூட மிஞ்சாது."

"சபையில் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீரும் வற்றிப்போச்சு, தாயி" என்றார் அம்பலவாணர். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "ராஜா வாயைத் திறந்தால்தான் மதகும் திறக்கும்."

சபையில் நாகலிங்கம் என்றொரு பிரபு இருந்தான். அமைச்சர் நாற்காலி மேல் அவனுக்கு வெகுநாளாகக் கண். "தீர்ப்பைச் சொல்லிவிட்டால் ஜனங்கள் உங்களை மறந்து மழையையும் மாட்டையும் பற்றிப் பேசப் போய்விடுவார்கள், மன்னா" என்று தள்ளிப்போட வைத்தவனே அவன்தான். அடுத்த சபை கூடிய அன்று அவன் ஒரு போட்டியைக் கிளப்பினான். "இன்று பொழுது சாய்வதற்குள் மன்னர் என்ன தீர்ப்பு சொல்வார் என்று அமைச்சர் கணித்துச் சொல்லட்டும். பலித்தால் கேட்டது கிடைக்கும். பலிக்காவிட்டால் பதவி போகும்."

ராஜா கை தட்டினான். "ஆகட்டும்! சொல்லும் அமைச்சரே."

அமைச்சர் எதைச் சொன்னாலும் அதற்கு மாறாகத் தீர்ப்பு சொல்லும்படி நாகலிங்கம் ராஜாவின் காதில் ஓதுவது அம்பலவாணர் காதிலும் விழுந்தது. அவர் மெதுவாக எழுந்தார்.

"மன்னா, நீங்கள் இன்றைக்கும் எந்தத் தீர்ப்பும் சொல்லப்போவதில்லை. இதுதான் என் கணிப்பு."

ராஜாவின் மீசை துடித்தது. நாகலிங்கமோ துள்ளி எழுந்தான்.

"மாட்டிக்கொண்டார்! மன்னா, சொல்லிவிடுங்கள் தீர்ப்பை! இப்போதே!"

"இப்போதேவா?" என்றான் ராஜா. அவனுக்கு மனசே இல்லை.

"ஒரு தீர்ப்பு, மன்னா, ஏதாவது ஒரு தீர்ப்பு! பொழுது சாய்கிறது!"

ராஜா சிம்மாசனத்தில் நிமிர்ந்தான். "தண்டபாணி குற்றவாளி. அவன் சொத்தை விற்றுக் கருங்கல் மதகு கட்ட வேண்டும். கல்லை அவனே சுமக்க வேண்டும். வழக்கு முடிந்தது!"

அம்பலவாணர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தார். "தோற்றேன் மன்னா. வழக்கு முடிந்ததால் மதகு முத்திரையை உடைக்க உத்தரவிடுங்கள். நான் போய்ப் படுக்கிறேன்."

அந்த முகத்தில் தோற்ற களையே இல்லை. ராஜா யோசித்தான். "ஓய், நில்லும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்?"

"கணிப்பு பலித்திருக்கும். கேட்டது கிடைக்கும் என்றீர்கள். தீர்ப்பைக் கேட்டிருப்பேன்."

ராஜாவுக்கு முதலில் முகம் சிவந்தது. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாகலிங்கம்! எந்த வாய் என்னைத் தடுத்ததோ அந்த வாயையே வைத்துத் தீர்ப்பை வாங்கிவிட்டாரே மனுஷர்! வாக்கு வாக்குதான். பழைய அமைச்சர் பதவி போயிற்று. புது அமைச்சராக அம்பலவாணரை நியமிக்கிறேன்."

"ஓய்வு கிடைக்கும் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்" என்று முனகிக்கொண்டே அவர் மோதிரத்தை எடுத்தார்.

"நாகலிங்கம், நீ வாய்க்காலோடு நடந்தே போய், கடைமடை வரைக்கும் தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு வா" என்றான் ராஜா.

மறுநாள் காலை அம்பலவாணர் ஏரிக்கரையில் நின்று பார்த்தார். மதகில் தண்ணீர் குதித்தது. ஆனால் கடைவீதிக் கூச்சல் கரைவரைக்கும் கேட்டது. தண்டனை போதுமா, அதிகமா என்று இப்போது புதுச் சண்டை. அவருக்குக் கொட்டாவி வந்தது. வாய்க்கால் ஓரமாகவே கடைமடைக்கு நடந்தார்.

அங்கே காத்தாயி முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்றாள். பட்டு வேட்டி முழுக்கச் சேறாக நாகலிங்கம் அவள் எதிரில் மூச்சு வாங்கினான்.

"நேற்றுத் தீர்ப்பு வந்ததே, அதைப் பற்றி ஜனங்கள் என்னம்மா பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டான்.

காத்தாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தீர்ப்பு வந்துருச்சா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, வரப்ப மிதிச்சு ஒடச்சுடாதீங்க. தண்ணி வருது."