பேப்பர் போட்ட மூவர்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. எத்தனை வருஷம் ஆராய்ந்தாலும், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். மதுரைக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில், மின்னியல் துறையின் கடைசி அறையில், திருமேனி அப்படித்தான் டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக நிம்மதியாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு அடுத்தபடி நவமணி, நாலாம் வருஷம். யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள். எழுதியதை ஒருநாளும் மீறமாட்டாள். அதற்கும் அடுத்தபடி சேவுகன். கனத்த உடம்பு. எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவான், ஏன் என்று கேட்கமாட்டான். இந்த மூன்று பேரையும் கட்டி மேய்த்தவர் பேராசிரியர் செல்லையா. தங்கமான மனிதர். சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பியதைத் தவிர அவர் வேறு தப்பு செய்ததில்லை.

மூவரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். கரண்ட் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே மணியடித்துச் சொல்லும் பெட்டி. அதுவரை அது ஒருமுறை கூட மணியடித்ததில்லை. கரண்ட் போனால் தானும் அணைந்துவிடும்.

"சொல்லத்தான் சார் செய்யுது. கொஞ்சம் லேட்டா சொல்லுது" என்பான் திருமேனி.

ஒரு திங்கட்கிழமை துறையில் அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கமிட்டி வருகிறது. பெட்டி வேலை செய்யாவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு, அறையை விளையாட்டுத் துறைக்குக் கொடுத்துவிடுவார்கள். விளையாட்டுத் துறைக்கு அவசரம். டேபிள் டென்னிஸ் மேஜையை அன்றைக்கே கொண்டுவந்து வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள்.

திருமேனி கணக்குப் போட்டுப் பார்த்தான். குழு கலைந்தால் அருப்புக்கோட்டைக்குப் போய் அக்கா புருஷன் நடத்தும் மிக்ஸி ரிப்பேர் கடையில்தான் உட்கார வேண்டும். அங்கே ஒரு தொந்தரவு இருந்தது. ரிப்பேருக்கு வந்த மிக்ஸி சாயங்காலத்துக்குள் ஓடியாக வேண்டும். ஆராய்ச்சியில் அந்தக் கெடுபிடி இல்லை.

நேரம் பார்த்து செல்லையாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. திருச்சியில் மூன்று நாள். திருத்தும் இடத்தில் போன் கூடாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் பேச முடியும்.

முதல் நாள் போனில் திருமேனி நிலவரம் சொன்னான். "பெட்டியோட திரையில கோடு நடுங்கிக்கிட்டே இருக்கு சார்."

"அது சிக்னல்ல கலந்து வர்ற இரைச்சல்ப்பா. முதல்ல இரைச்சலைக் குறைங்க. மத்தது தானா சரியாகும்."

நவமணி எழுதிக்கொண்டாள்: இரைச்சலைக் குறைக்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்தினார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே கத்திய காக்கையைச் சேவுகன் போய் விரட்டிவிட்டு, விரட்டும்போது தான் கத்தியதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். கோடு நடுங்கியது.

"குளிருதோ என்னமோ அண்ணே" என்று சேவுகன் கிசுகிசுத்தான்.

"ஃபேனை நிறுத்தியாச்சு. எப்படிக் குளிரும்? கமிட்டின்னதும் பயந்திருக்கும்."

அந்த நேரம் பார்த்து சேவுகனின் வயிறு கடமுடவென்று உருண்டது. திருமேனியும் நவமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. சேவுகனை உடனே கேன்டீனுக்கு அனுப்பி எட்டு பரோட்டா சாப்பிட வைத்தார்கள். வயிறு அமைதியானது. கோடு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் போனில் செல்லையா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அப்ப எர்த் சரியில்லைன்னு நினைக்கிறேன். பெட்டியை நல்லா எர்த் பண்ணிடுங்க. அது ரொம்ப முக்கியம்."

போனை வைத்ததும் ஆலோசனை தொடங்கியது.

"எர்த்துன்னா மண்ணு" என்றாள் நவமணி. "பெட்டியை மண்ணு பண்ணணும்னா, மண்ணுக்குள்ள வைக்கணும்."

"எவ்வளவு ஆழம்?" என்றான் சேவுகன், மண்வெட்டியை எடுத்துக்கொண்டே.

"சார் 'நல்லா'ன்னு சொல்லியிருக்கார்" என்றான் திருமேனி. "ஒரு அடின்னா அது 'ஏதோ'. ரெண்டு அடின்னா 'பரவாயில்லை'. மூணு அடி போனாத்தான் 'நல்லா'."

துறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று அடி தோண்டி, பெட்டியை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். எர்த் காயக்கூடாது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தன் ஊர் ஒயர்மேன் சொல்வார் என்றாள் நவமணி. காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் ஊற்றினார்கள்.

தோட்டக்காரர் அந்தப் பக்கம் வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "யாரைத் தம்பி புதைச்சீங்க?"

"எங்க ஆறு வருஷ உழைப்புண்ணே" என்றான் திருமேனி.

அவர் கும்பிட்டுவிட்டுப் போய், இரண்டு செவ்வரளி பறித்து வந்து மேட்டில் வைத்தார்.

மூன்றாம் நாள் செல்லையா கேட்டார். "எர்த் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு சார். ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறோம்."

"அட, எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தணும்னு நான் சொல்லவே இல்லையே! தேறிட்டீங்கப்பா" என்றார் செல்லையா. அன்றைக்கு அவர் நிறையப் பேருக்குத் தாராளமாக மார்க் போட்டதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. தலைவி டாக்டர் மங்கையற்கரசி. கூட இரண்டு பேர். அவர்கள் தலையாட்ட மட்டும் வந்தவர்கள்.

"பெட்டி எங்கே?" என்றார் தலைவி.

"தோண்டிக்கிட்டு வந்துடுறேன் மேடம்" என்று சேவுகன் ஓடினான்.

அன்று காலைதான் திருச்சியிலிருந்து திரும்பியிருந்த செல்லையா அவன் பின்னாலேயே வாசல் வரை போனார். சேறு சொட்டச் சொட்டப் பெட்டி மேஜைக்கு வந்தது. ஒரு மண்புழு வெளியே எட்டிப் பார்த்தது. யாரும் தடுப்பதற்குள் திருமேனி பிளக்கைச் சொருகிவிட்டான். 'டப்' என்று ஒரு சத்தம். அறையில் கரண்ட் போனது, துறையில் போனது, எதிர்க் கட்டடத்திலும் போனது.

இருட்டில் திருமேனியின் குரல் மட்டும் பூரிப்போடு கேட்டது. "பாத்தீங்களா மேடம்? முன்னல்லாம் கரண்ட் போனப்புறம்தான் இதுக்குத் தெரியும். இப்ப இதுக்குத் தெரிஞ்சப்புறம்தான் கரண்டே போகுது!"

தலைவி வராந்தா வெளிச்சத்துக்கு வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "செல்லையா, இவங்க இதுவரைக்கும் எத்தனை பேப்பர் போட்டிருக்காங்க?"

"இன்னும் ஒண்ணும் போடலை மேடம்."

"உங்க முகத்துக்காக ஒரு மாசம் தர்றேன். பேப்பர் போடணும். பேருக்குப் போடக்கூடாது, தாக்கம் இருக்கணும். நாலு பேராவது திரும்பிப் பாக்கணும். இல்லேன்னா..." என்றவர், டேபிள் டென்னிஸ் மேஜையைப் பார்த்துவிட்டு நடந்தார்.

ஆராய்ச்சிக்காரர்கள் பாஷையில் பேப்பர் போடுவது என்றால் கட்டுரை எழுதி ஆய்விதழில் வெளியிடுவது. இதை அந்த மூவருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. தெரிந்திருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

"எங்க தெருவுல காளிமுத்துன்னு ஒருத்தர் இருபது வருஷமா பேப்பர் போடுறார் அண்ணே" என்றாள் நவமணி.

திருமேனி வியந்து போனான். "இருபது வருஷமாவா? அப்ப பெரிய டாக்டரா இருப்பாரே!"

"பாத்தா தெரியாது. சைக்கிள்லதான் வருவார்."

"நிறைகுடம்" என்றான் திருமேனி.

மறுநாள் விடியற்காலையில் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பேப்பர் ஏஜென்ட் கோதண்டம் முன்னால் கைகட்டி நின்றார்கள்.

"பாத்தா படிச்ச பிள்ளைகளா இருக்கீங்க. உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை?"

"டாக்டர் பட்டத்துக்குண்ணே. பேப்பர் போடாமக் குடுக்க மாட்டேங்கிறாங்க."

கோதண்டம் பேப்பர் கட்டைப் பிரித்தார். "படிப்புக்கு மதிப்பே இல்லாமப் போச்சு" என்று முனகிவிட்டு மூன்று தெருக்களை ஒதுக்கிக் கொடுத்தார்.

போடுவது சுலபமாகத்தான் இருந்தது. தாக்கம்தான் சிரமம். கேட்டில் செருகினால் தாக்கம் இல்லை. வாசலில் வைத்தாலும் இல்லை. கடைசியில் பேப்பரை இறுக்கிச் சுருட்டி, சணல் போட்டுக் கட்டி, சேவுகன் கையில் கொடுத்தார்கள். அவன் தெருமுனையில் நின்று எறிந்தான். முதல் நாளே ஒரு பால் குண்டான் உருண்டது, ஒரு துளசிச் செடி சாய்ந்தது, காபி குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் கையில் கோப்பையின் பிடி மட்டும் மிஞ்சியது.

நவமணி பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். "ஏழாம் நம்பர் வீட்டுல மூணு பேர்தான் திரும்பிப் பாத்தாங்க. ஒரு ஆள் குறையுது அண்ணே."

"சேவுகா, இன்னொண்ணு போடு."

போட்டான். அடுத்த வீட்டுக்காரரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

இடையில் செல்லையா கவலையோடு விசாரித்தார். "பேப்பர் வேலை எந்த மட்டுல இருக்குப்பா?"

"போட்டுக்கிட்டே இருக்கோம் சார். தமிழ்லயும் போடுறோம், இங்கிலீஷ்லயும் போடுறோம்."

"அட! ஏத்துக்கிட்டாங்களா?"

"பாதிப் பேர் ஏத்துக்கிட்டாங்க சார். சில பேர் வேண்டாம்னு திருப்பி எறியுறாங்க."

"அது எல்லாருக்கும் நடக்குறதுதான். எனக்கே எத்தனை திரும்பி வந்திருக்கு! மனசு விடாதீங்க. திரும்பி வந்ததையே இன்னும் கொஞ்சம் பலமாக்கித் திரும்பப் போடுங்க."

நவமணி எழுதிக்கொண்டாள்: இன்னும் பலமாக.

மாதம் முடிந்தது. கமிட்டி மறுபடி வந்தது. திருமேனி புதுச்சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி நின்றான். இன்றைக்கு அருப்புக்கோட்டைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும்.

"எத்தனை பேப்பர்?" என்றார் தலைவி.

"நாலாயிரத்து இருநூறு மேடம்."

தலையாட்ட வந்த இருவரும் ஆட்டுவதை நிறுத்தினார்கள். செல்லையா சுவரைப் பிடித்துக்கொண்டார். திருமேனி நோட்டை விரித்துப் படித்தான். "பாரதி தெருவையும் சேத்து மூணு தெரு, நூத்தி நாப்பது வீடு. உடைஞ்ச ஜன்னல் ஆறு. திரும்பிப் பாத்தவங்க எண்ணூத்தி முப்பது. துரத்திக்கிட்டு வந்தவங்க பதினெட்டு. தாக்கம் ரொம்ப நல்லாவே இருக்கு மேடம். பன்னெண்டாம் நம்பர் மாடி வீட்டுல முடியில்லாத பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவர் மேல மட்டும் நாலு தடவை..."

"நெத்தியில புடைச்சிருக்கா அவருக்கு?" என்று கேட்டார் தலைவி. குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"ஆமா மேடம்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் என் வீட்டுக்காரர்."

திருமேனியின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்களே வாசிச்சிருப்பீங்களே!"

மங்கையற்கரசி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "செல்லையா! ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. இந்த லேபை இழுத்து மூடுங்க!" என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனார். இருவரும் தலையாட்டிக்கொண்டே பின்னால் போனார்கள். செல்லையா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திருமேனி தொண்டையைச் செருமினான். "மேடம் சொன்னது கேட்டுச்சுல்ல? இந்தத் தடவை ஒரு எழுத்துப் பிசகக் கூடாது."

"இழுத்து மூடணும்" என்று நவமணி படித்துக் காட்டினாள்.

சேவுகன் வராந்தாவில் நின்று கதவைப் பார்த்தான். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு அது. "அண்ணே, இங்க நின்னா தள்ளித்தானே மூட முடியும்?"

"தள்ளி மூடச் சொல்லலையே" என்றான் திருமேனி. "இழுக்கணும்னா உள்ள இருந்துதான் இழுக்கணும்."

மூவரும் உள்ளே போய் இழுத்து மூடினார்கள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விளையாட்டு ஆசிரியர் மேஜையோடு வந்து கதவைத் தட்டினார்.

"லேபை மூடியாச்சு சார்" என்று உள்ளேயிருந்து திருமேனியின் குரல் வந்தது.

"மூடியாச்சுன்னா உள்ள யாருய்யா?"

"நாங்கதான் சார். கையை விட்டா திறந்துக்குது. அதான் ஆள் மாத்தி ஆள் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கோம். இப்ப சேவுகன் முறை."

ஆசிரியர் கைப்பிடியைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. "எவ்வளவு நாளைக்குய்யா இப்படி?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"இனிமே நிரந்தரமா மூடல்தான் சார். காலையில ஒன்பது மணிக்கு வந்து மூடுவோம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவோம்."