நாணல் குளத்தில் இறங்காத வாத்து

மெல்லியை அவன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கீழே தெரிந்த நாணல் குளத்தையே பார்த்தபடி பறந்துகொண்டிருந்தாள்.

அவன் பெயர் கருவரையன். வரித்தலை வாத்துக் கூட்டத்தின் தலைவன். மெல்லி அவன் மனைவி. ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் தெற்கே இருக்கும் கருவேல ஏரியை விட்டுக் கிளம்புவார்கள். பனிமலைக்கு அப்பால் இருக்கும் நீல ஏரிக்குப் போய்ச் சேர ஏழு நாள் ஆகும். மலைக்கு இந்தப் பக்கம் நாணல் குளத்தில் இறங்கி, புல் மேய்ந்து, பின்காற்று வந்த பிறகே மலை ஏறுவது வழக்கம்.

அந்த ஆண்டு கிளம்பும் நேரத்தில், சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த உள்ளான் என்ற சின்னப் பறவை ஒன்று வம்புக்கு வந்தது.

"நீல ஏரிக்கு நான் இரண்டே நாளில் போய்விடுவேன்! உங்களுக்கு எத்தனை நாள் அண்ணே? பாவம், கனத்த உடம்பு!"

கொக்குகள் சிரித்தன. நீர்க்கோழிகளும் சிரித்தன. கருவரையனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்களுக்கும் இரண்டே நாள்தான்!" என்றான்.

மெல்லி அருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, போன வருஷம் ஏழு நாள் ஆயிற்றே! குளத்தில் இளைப்பாறிய நாளெல்லாம் எங்கே போயிற்று?"

"நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். நீ சும்மா இரு!"

"சொன்னது உங்கள் வாய். பறக்கப்போவது எங்கள் இறக்கை அல்லவா!"

அவன் இறக்கையை விரித்துக் கிளம்பினான்.

நாணல் குளம் வந்தது. தலைவன் இறங்காமல் யாரும் இறங்குவதில்லை.

"ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துக்கொள்ளலாமே," என்றாள் மெல்லி.

கருவரையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இறங்கினால் மானம் போய்விடும்!" என்று சொல்லி மேலே ஏறினான்.

மலைமேல் எதிர்காற்று அடித்தது. அவன் அதன்பின் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சொன்னபடி இரண்டே நாளில் நீல ஏரியில் இறங்கினான். கூட்டமும் இறங்கியது. மெல்லி இல்லை.

"பனியில் விழுந்துவிட்டாள்," என்றது கடைசியாக வந்த வாத்து. "உங்களைக் கூப்பிட்டாள். காற்றிரைச்சலில் உங்களுக்குக் கேட்கவில்லை."

பத்து நாள் கழித்து அந்த உள்ளான் கொழுகொழுவென்று வந்து சேர்ந்தது.

"இரண்டு நாள் என்றாயே!" என்றான் கருவரையன்.

"வயிறு என்று ஒன்று இருக்கிறதே! வழியில் மூன்று இடத்தில் இறங்கி மேய்ந்தேன். இரண்டு நாள் என்றதெல்லாம் ஏரிக்கரைப் பேச்சு அண்ணே! அதையா நம்பினீர்கள்?"

இப்போதெல்லாம் நாணல் குளத்தில் கருவரையன்தான் முதலில் இறங்குகிறான்.

வீம்புக்குக் குறைத்துச் சொன்ன தூரத்தை, நம் பின்னால் வருகிறவர்களே உயிரைக் கொடுத்துக் கடக்க வேண்டியிருக்கும்.

கருவேல ஏரிக்கும் நீல ஏரிக்கும் இடையே இன்றும் ஏழு நாள் தூரம்தான்.