சொல்லைச் சுற்றி வந்தவள்

அந்தக் காலத்தில், மைனாவும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, எந்தச் சேதியும் தொலைந்துபோகாது. யார் எங்கே எதைப் பேசினாலும் பக்கத்தில் ஒரு மைனா கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டதை ஓர் எழுத்துக் குறையாமல் மனதில் வைத்துக்கொள்ளும். பொழுது சாயும்போது எல்லா மைனாக்களும் ஏரிக்கரையில் இருந்த ஏழு இலுப்பை மரங்களில் வந்து அடையும். ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்நேரம் மரத்தடிக்குப் போய்க் கேட்பார்கள். அவர்கள் கேட்ட சொற்கள் எந்த மைனாவிடம் இருக்கின்றனவோ, அது இறங்கி வந்து தான் கேட்டதை அப்படியே ஒப்பிக்கும். சொற்கள் பொருந்தாவிட்டால், நீங்கள் தலைகீழாக நின்றாலும் வாயைத் திறக்காது.

அப்படிக் கேட்க வந்தவள்தான் வேலம்மை. அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவன். வடக்கே வேலை இருக்கிறது என்று சித்திரையில் போனவன் ஐப்பசி மழை பிடித்தும் திரும்பவில்லை. அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஒற்றை ஆளுக்கு உலை வைப்பது எத்தனை சிரமம் என்று வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எப்படிப் போட்டாலும் அரிசி ஒரு கை கூடிவிடும்.

"எங்க வீட்டுக்காரர் எங்க?" என்று அவள் மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

நானூறு மைனாக்கள் ஒரே நேரத்தில் இறங்கின. "எங்க வீட்டுக்காரர் எங்க போய்த் தொலைஞ்சாரோ!" என்றது ஒன்று. "எங்க வீட்டுக்காரர் எங்க போனாலும் சோத்து வேளைக்கு வந்துருவாரு" என்றது இன்னொன்று. எந்த ஊரில்தான் பெண்டாட்டிகள் இதைச் சொல்லவில்லை? வேலம்மை காதைப் பொத்திக்கொண்டாள்.

மற்றவற்றைவிட மூக்கு மஞ்சளாக இருந்த ஒரு பெட்டை மைனா தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. "வீட்டுக்காரர்னா யாருன்னு நாங்க கண்டோம்? பேரைச் சொல்லு தாயி."

அங்கேதான் சிக்கல். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். மூன்று நாள் மரத்தடி வரை வந்து வந்து பேசாமல் திரும்பினாள். நாலாம் நாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இருளப்பன்" என்றாள். கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதினேழு மைனாக்கள் இறங்கின. பதினேழு இருளப்பன்கள். ஒருவன் தொட்டிலில் கிடக்கும் குழந்தை. ஒருவன் பல்லில்லாத கிழவன். ஒருவன் உழவு மாடு. அவளுடைய இருளப்பன் அதில் இல்லை.

மறுநாள் அவள் எதையும் விடவில்லை. "கிணறு வெட்டப் போன, நெட்டையான, இடது புருவத்துல தழும்புள்ள, கோபம் வந்தா வெளிய போய் உக்காந்துக்குற, சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்குற இருளப்பன் எங்க?"

ஏழு மரமும் வாயைத் திறக்கவில்லை. ஓர் இறகுகூட அசையவில்லை. அவனை அப்படி முழுசாகத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மஞ்சள் மூக்கு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "உனக்குத் தெரிஞ்சதையே சொல்லிட்டிருக்கியே தாயி. அங்க பாத்தவங்க அவரை என்னன்னு சொல்லியிருப்பாங்க? அதைச் சொல்லு."

வேலம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பேர் தெரியாத ஊரில் அவன் யார்? "வெளியூர்க்காரர்" என்றாள் மெதுவாக. "கிணறு வெட்ட வந்த வெளியூர்க்காரர்."

இரண்டு மைனாக்கள் இறங்கின.

"கிணறு வெட்ட வந்த வெளியூர்க்காரர் சிரிச்சா கண்ணு எங்க போகுதுன்னே தெரியல" என்றது முதல் மைனா, ஒரு சிறுமியின் குரலில். வேலம்மை சிரித்தேவிட்டாள்.

"கிணறு வெட்ட வந்த வெளியூர்க்காரருக்கு நாலு நாளா காய்ச்சலாம்" என்றது இரண்டாவது.

"காய்ச்சல் விட்டு எழுந்த வெளியூர்க்காரர்" என்றாள் உடனே. யாரும் இறங்கவில்லை.

"கஞ்சி குடிச்ச வெளியூர்க்காரர்." இல்லை. "ஊருக்குக் கிளம்பிப் போன வெளியூர்க்காரர்." இல்லை. "வழி தவறின வெளியூர்க்காரர்." இல்லை. "இன்னொருத்தியைக் கட்டிக்கிட்ட வெளியூர்க்காரர்" என்றுகூடக் கேட்டாள். அதற்கு ஒரு மைனா இறங்கியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

எட்டு நாள் இப்படியே போயிற்று. அவள் பின்னால் காத்திருந்தவர்களுக்கெல்லாம் அவள் எந்தச் சொல்லைச் சொல்லாமல் சுற்றுகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும். பேரைச் சொன்னாலே ஆயுசு குறையுமென்றால், இதைச் சொன்னால் என்ன மிஞ்சும்?

ஒன்பதாம் நாள் வீட்டில் உலையில் அரிசி போடப்போனாள். கை தானாக இரண்டு பேருக்கு அள்ளியது. அள்ளியதை அரிசிப் பானையிலேயே திரும்பக் கொட்டிவிட்டு நேராக ஏரிக்கரைக்கு வந்தாள்.

"செத்துப்போன வெளியூர்க்காரர்" என்றாள்.

ஒரே ஒரு மைனா இறங்கியது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலில் பேசியது. "செத்துப்போன வெளியூர்க்காரருக்கு யாரு இருக்காங்களோ, எவ காத்துக்கிடக்காளோ. ஆத்தோரம் மருதமரத்தடியில புதைச்சிருக்கு. தேடி வந்தா அடையாளம் தெரியணும்னு ஒரு கல்லு நட்டு, மஞ்சப் பூசி வச்சிருக்கேன்."

வேலம்மை மஞ்சள் மூக்கைப் பார்த்தாள். "இந்த மைனா இங்கதான இருந்துச்சு? எனக்கு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கேக்காததைச் சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்ல தாயி" என்றது மஞ்சள் மூக்கு.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

அந்த மைனா சொன்னது. வேலம்மை மறுபடி கேட்டாள். மைனா மறுபடி சொன்னது. அவள் காத்துக்கிடந்ததை நினைத்துப் பார்த்த ஒரே ஜீவன் அந்த முகம் தெரியாத பெண்தான். அந்தக் குரலை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. இருட்டும்வரை கேட்டுவிட்டு, விடிந்ததும் கொஞ்சம் மஞ்சளை முந்தானையில் முடிந்துகொண்டு அந்த மருதமரத்தைத் தேடித் தனியாக வடக்கே நடந்தாள்.

அவள் அந்தச் சொல்லைச் சொன்ன அன்று அவளுக்குப் பின்னால் நின்றவன் பொன்னய்யா என்ற குடியானவன். அவன் மகள் ஏழு நாளாகக் கண் திறக்கவில்லை. பிழைப்பாள் என்று வைத்தியர் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்கத்தான் நாலு காதம் நடந்து வந்திருந்தான். அவன் முறை வந்தது. வாயைத் திறந்தான், மூடினான்.

"இந்தப் பக்கம்... நல்ல கருப்பட்டி எங்க கிடைக்கும்?" என்றான்.

மைனாக்கள் நம்மோடு பேச்சை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது கேட்பதையெல்லாம் கைப்பேசியிடம் கேட்கிறோம். பொன்னய்யா கருப்பட்டி கேட்ட அன்று பிடித்த பழக்கம் மட்டும் விடவில்லை: மனிதர்கள் தங்களுக்குத் தெரிய வேண்டியதை நேராகக் கேட்காமல், ஒன்றை எழுதி, அழித்து, வேறொன்றை எழுதி, அதையும் மாற்றி, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே அந்தக் கடைசிச் சொல்லை எழுதுகிறார்கள்.