தலையாட்டிய சமையல்காரர்

புற்றுநோய்க்குப் புரோட்டான் கதிர் என்ற புது வைத்தியம் கொடுக்கும் ஆஸ்பத்திரி ஒன்று. அங்கே பெரிய டாக்டர் திலகேஸ்வரி. அவரிடம் ஆராய்ச்சி பழகிக்கொண்டிருந்தவர் டாக்டர் சங்கரபாண்டி.

கல்யாணச் சமையல்காரர் மாசிலாமணிக்குத் தொண்டையில் புற்றுநோய். வழக்கமான கதிரும் நோயைச் சுடும். ஆனால் வாய் வறண்டு ருசி போகலாம். புரோட்டான் அந்த ருசியைக் காப்பாற்றுமா? யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. யாருக்கு எந்தக் கதிர் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

சங்கரபாண்டி துள்ளிக்கொண்டு வந்தார்.

"மேடம், மாசிலாமணி ஆராய்ச்சியில சேரச் சரின்னுட்டார். கையெழுத்து வாங்கிடட்டா?"

"என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல. 'நீங்க பாத்துச் செய்யுங்க சாமி'ன்னு தலையாட்டிட்டார்."

திலகேஸ்வரி எழுந்து, சங்கரபாண்டியோடு வார்டில் படுத்திருந்த மாசிலாமணியிடம் போனார்.

"அண்ணே, டாக்டர் என்ன சொன்னார்?"

"புது மெஷின்ல வெக்கிறாராம்மா. என் நாக்கு தப்பிச்சுடும்."

சங்கரபாண்டியின் முகம் சுருங்கியது. "குலுக்கல்னும் சொன்னேன் மேடம்."

"சொன்னே. அவர் காதுல விழல. திரும்பச் சொல்லு. அவர் உன்னக் கேள்வி கேக்குற வரைக்கும் என்கிட்ட வராதே."

சங்கரபாண்டி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல மாசிலாமணி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சங்கரபாண்டி சொன்னார்:

"அண்ணே, எது நல்லதுன்னு எனக்கே தெரியாது."

ஆடிய தலை நின்றது.

"தெரியாதா? என் நாக்க வெச்சுச் சீட்டா குலுக்குறீங்க? பழைய மெஷின் விழுந்தா?"

"அதுலதான் வைத்தியம்."

"நடுவுல வேண்டாம்னா?"

"விலகிக்கலாம். வைத்தியம் நிக்காது."

"சேரவே மாட்டேன்னா?"

"அப்பவும் பழைய கதிர் கொடுத்து நல்லாப் பாத்துப்போம்."

"உங்க அப்பாவா இருந்தா?"

"அவர்கிட்டயும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். முடிவு அவரோடது."

"வீட்டுல பேசணும். போய்யா!" மாசிலாமணி போர்வையை இழுத்துக்கொண்டார்.

"போச்சு மேடம், நானே கெடுத்துட்டேன்" என்றார் சங்கரபாண்டி, திரும்பி வந்து.



மறுநாள் காலையில் மாசிலாமணி டாக்டர் அறைக்கு நடந்து வந்த தோரணையைப் பார்க்கணுமே! பெண்டாட்டி, மகள், மச்சான் என்று பின்னால் ஒரு படை.

"எங்கய்யா அந்த டாக்டர்? சேர்றேன்! தெரிஞ்சேதான் சேர்றேன். ஆனா இவங்களுக்கும் கேள்வி இருக்கு, எனக்கும் மிச்சம் இருக்கு."

சங்கரபாண்டி வாயெல்லாம் பல்லாகப் பேனாவை எடுத்தார்.

திலகேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேனா இருக்கட்டும். மொதல்ல எல்லாருக்கும் நாற்காலி போடு."