எட்டில் பாதி

திண்டுக்கல்லில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரை மாஸ்டர் என்பார்கள். ஆணானாலும் மாஸ்டர், பெண்ணானாலும் மாஸ்டர். ஜெர்லின் மாஸ்டருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் ஓட்டப் பழகிய வசுமதி ஐம்பதைத் தாண்டியவர். மாஸ்டர் அவரை அக்கா என்பார். அக்கா இவரை மாஸ்டர் என்பார். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அன்று காலை வசுமதி தன் வீட்டுப் பழைய காரை மாஸ்டர் பழக்கும் மைதானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து சீட்டில் கணவர் தர்மலிங்கம். கையால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்திருந்தார். காலால், அந்தப் பக்கம் இல்லவே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நாளைக்கு தனுஷ்கோடி!" இறங்குவதற்குள்ளேயே சொல்லிவிட்டார் வசுமதி. "ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தமே, அந்தக் கூட்டம். நாலு பேரும் போறோம். நான்தான் ஓட்டுறேன். பாம்பன் பாலத்து மேல நான் ஓட்டுறேன் மாஸ்டர்!"

"சூப்பர்க்கா. அப்புறம் ஏன் மூஞ்சி பாதிதான் சிரிக்குது?"

"வண்டி சத்தம் போடுது. டக்கு டக்கு டக்குன்னு. திரும்புறப்ப."

"வண்டி போடல," என்றார் தர்மலிங்கம். "இவ போட வைக்கிறா. நான் ஓட்டுன வரைக்கும் இந்த வண்டி வாயத் திறந்ததில்ல. அதான் சொல்லிட்டேன், நாளைக்கு நானே ஓட்டுறேன். நாலு பேரும் பின்னாடி உக்காந்து பேசிட்டு வரட்டும்."

"நாலு பேரும் பின்னாடியா? மடியிலயா?"

"முன் சீட்டுல பையெல்லாம் வைக்கணும். ஒருத்தி வராட்டி என்ன?"

வசுமதியின் முகம் சிவந்துவிட்டது. அந்த ஒருத்தி யார் என்று கேட்கவே அவருக்கு வாய் துடித்தது. கணவரை விட்டுவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. கோளாறு என் கையிலயா, வண்டியிலயா? என் கையிலன்னா இப்பவே சாவிய இவர்கிட்டக் குடுத்துடுறேன். வண்டியிலன்னா குடுக்க மாட்டேன்."

மாஸ்டர் மைதானத்தைக் காட்டினார்.

"ஒரு எட்டு போடுங்க."

லைசென்ஸுக்காக எல்லோரும் போட்டுப் பழகிய எட்டு அங்கே தரையிலேயே தடமாகப் பதிந்திருந்தது. வசுமதி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல ஓட்டினார். எட்டின் ஒரு வளையத்தில் இடது பக்கம் திரும்பிக்கொண்டே போக வேண்டும். அதில் டக்கு டக்கு டக்கு. மறு வளையத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அதில் சத்தமே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் தர்மலிங்கம். "ரைட்டு நல்லாத் திருப்புறா. லெஃப்டு வரல."

"சார், நீங்க ஒரு எட்டு."

"நானா? நான் ஓட்ட ஆரம்பிச்சப்ப நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க."

"அதான் சார், பாக்க ஆசையா இருக்கு."

தர்மலிங்கம் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைத் திருத்தினார். ஏறியதும் பாட்டை வைத்தார். மாஸ்டர் ஜன்னல் வழியே கையை விட்டு அதை நிறுத்தினார்.

வலது வளையம். அமைதி. தர்மலிங்கம் புருவத்தை உயர்த்தி மனைவியைப் பார்த்தார்.

இடது வளையம். டக்கு டக்கு டக்கு.

வசுமதி மைதானத்தின் நடுவில் நின்று கை தட்டினார். "கேட்டுச்சா? கேட்டுச்சா? இப்ப யார் கை ஸ்டியரிங்ல இருக்கு?"

தர்மலிங்கம் வண்டியை நிறுத்தினார்.

"வண்டி உன் கைக்குப் பழகிருச்சு," என்றார்.

"என்னது?"

"ஆமா. தப்பாப் பழக்கிட்ட. இனி யார் ஓட்டினாலும் அப்படித்தான் வரும்."

"ஏங்க, அது வண்டிங்க. நாய்க்குட்டி இல்ல. நீங்க ஓட்டி சத்தம் வந்தா வண்டிக்கு வயசாச்சு. நான் ஓட்டி வந்தா எனக்கு ஓட்டத் தெரியல. அதே சத்தந்தான! அதே வண்டிதான!"

மாஸ்டர் சிரித்துவிட்டார். தர்மலிங்கத்துக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க போனை எடுத்தார்.

"சரி, வண்டிக் கோளாறுதான், ஒத்துக்கிறேன். டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், முன் சக்கரத்தச் சுத்த வைக்கிற மூட்டு. லெஃப்டுல ஒடிச்சா சத்தம் வருது, அப்ப லெஃப்ட் ஜாயின்ட். இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். மெக்கானிக் சேவியர்ட்ட சொல்லி கிளீனர் சைடைக் கழட்டச் சொல்றேன்."

லாரியில் டிரைவருக்கு இடது பக்கம் கிளீனர் உட்காருவார். அதனால் எங்கள் பக்கத்தில் எந்த வண்டிக்கும், கிளீனரே இல்லாத காருக்கும், இடது பக்கம் என்றால் கிளீனர் சைடு.

இந்த ஒரு விஷயத்தில் வசுமதியும் தலையாட்டினார். "கிளீனர் சைடுதான் மாஸ்டர். எனக்கும் அங்கருந்துதான் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"சத்தம் அங்கருந்து கேட்டுச்சா, இல்ல லெஃப்டுல திரும்புறோம்னு அங்க பாத்தீங்களா?"

வசுமதி மறுபடி காரின் இடது பக்கத்தைப் பார்த்தார்.

"போனை வைங்க சார். ரெண்டு பேரும் வாங்க. என்கூட வரிசையா நில்லுங்க. கையக் கோத்துக்கங்க."

"எதுக்கு?"

"நாம இப்ப வண்டி. எல்லாரும் முன்னாடி பாருங்க. சார், நீங்க லெஃப்ட் ஓரம், கிளீனர் சைடு. அக்கா ரைட் ஓரம். நான் நடுவுல. கோடு கலையக் கூடாது. கையை விடக் கூடாது."

மைதானத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸோடு எழுந்து நின்று பார்த்தார்கள். தர்மலிங்கத்துக்குக் காது சூடானது. ஆனாலும் கையைக் கோத்தார்.

"லெஃப்டுல திரும்புறோம். வேகமா. போங்க!"

தர்மலிங்கம் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். நடுவில் மாஸ்டர் விரைந்து நடந்தார். ஓரத்தில் வசுமதி ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. "ஐயோ மாஸ்டர்!" என்றார். "மெதுவா!" என்றார். சிரிப்பு வேறு. செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது.

"நிறுத்துங்க. சார், மூச்சு வாங்குதா?"

"எனக்கென்ன? நான் நின்னுக்கிட்டுல்ல இருந்தேன்."

"அக்கா?"

வசுமதியால் பேச முடியவில்லை. இடுப்பில் கையை வைத்துக் குனிந்து நின்றார்.

"வண்டி எந்தப் பக்கம் திரும்புச்சு?"

"லெ... லெஃப்டு."

"மூச்சு வாங்குறது எந்தப் பக்கம்?"

வசுமதி நிமிர்ந்தார். தான் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து காரைப் பார்த்தார்.

"டிரைவர் சைடு!" கத்தியேவிட்டார். "டிரைவர் சைடு மாஸ்டர்! லெஃப்டுல திரும்பினா ரைட்டுதான் ஓடுது! பாரமெல்லாம் ரைட்டு மேலதான்!"

ஒற்றைச் செருப்போடு காருக்கு ஓடினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, இன்ஜினை அணைத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். திரும்பி நின்ற வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

ஜாயின்ட்டை மூடியிருந்த ரப்பர் உறை வாய் பிளந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் சக்கரத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தெறித்திருந்தது. விரலால் தொட்டார். கிரீஸில் மணல் நரநரத்தது.

தர்மலிங்கமும் குனிந்து பார்த்தார். கிளீனர் சைடுக்குப் போய் அங்கேயும் பார்த்தார். அந்த ரப்பர் முழுசாக இருந்தது.

சேவியருக்கு வசுமதிதான் போன் செய்தார். "அண்ணே, டிரைவர் சைடு. சக்கரத்தோரம் இருக்கிற வெளி ஜாயின்ட். ரப்பர் கிழிஞ்சிருக்கு. வண்டிய நானே மெதுவாக் கொண்டாரேன்."

மதியத்துக்குள் பட்டறையில் சேவியர் அந்த ஜாயின்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே இரும்புக் குண்டுகள் ஓடும் பள்ளங்கள் நகம் மாட்டும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. "இதோட தனுஷ்கோடி போயிருந்தா பாலத்து மேல பிச்சுக்கிட்டிருக்கும்மா," என்றார். "இன்ஜின் ஓடும், வண்டி நகராது. பின்னாடி அத்தனை பஸ்ஸும் ஹார்ன் அடிக்கும்." புது ஜாயின்ட், புது ரப்பர், புது கிரீஸ் போட்டு மாட்டினார்.

சாயங்காலம் மறுபடி மைதானம். வசுமதி எட்டு போட்டார். இடது வளையம், வலது வளையம். டயருக்கடியில் மண் நசுங்குவது மட்டும் கேட்டது. இன்னொரு எட்டு போட்டார். தேவையே இல்லாமல் மூன்றாவதும் போட்டார். போனில் தோழிகள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வரும் பஸ் வத்தலக்குண்டு தாண்டிவிட்டது. இப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

தர்மலிங்கம் இறங்கிக்கொண்டார். மூன்று பேரும் பையோடு உட்கார இடம் வேண்டும் என்று அவரே சொன்னார். இறங்கியவர் மாஸ்டரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி சரி. ஒத்துக்கிறேன். ஆனா நீங்க சொல்லுங்க மாஸ்டர். இவள நம்பி அனுப்பலாமா?"

"அனுப்புறதுக்கு அவங்க என்ன பார்சலா சார்?"

தர்மலிங்கம் மைதானத்தின் கேட்டுக்கு வெளியே போய் டீக்கடை ஓரம் நின்றார்.

வசுமதி வண்டியைக் கேட்டுக்குக் கொண்டுவந்தார். கேட்டின் நடுவில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். வசுமதி பிரேக்கை மிதித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கக்கா."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குத் தைரியமா இருக்கும். நான் போகட்டுமா?"

மாஸ்டர் நகரவில்லை.

"வழிய மறிச்சுல்ல நிக்கிறேன். என்கிட்டக் கேக்காதீங்க, ஹார்ன் அடிங்கக்கா."