சேற்றுத் தவளைகள்மேல் விழுந்த பழி

மருதன் என்ற பச்சைத் தவளை தன் மனைவி பூவாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் குளத்துச் சேற்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பறவையின் நிழல் விழுந்தால் மூச்சடக்கி அப்படியே இருக்க வேண்டும் என்பது அந்தக் குளத்துத் தவளைகளின் வழக்கம். பூவாள் வழக்கத்தை மீறவில்லை. நாரை ஒரே கொத்தில் அவளைத் தூக்கிப் போயிற்று. பக்கத்திலேயே அசையாமல் இருந்த அவள் தம்பி சேம்பன் தப்பிவிட்டான்.

பூவாள் பச்சை; சேம்பன் சேற்று நிறத்தவன். குளமெங்கும் பச்சைப் பாசி படர்ந்திருந்த காலத்தில் அவனைப் போன்றவர்களைப் பருந்து பொறுக்கித் தின்றது. "அழுக்கு உடம்புக்கு அப்படித்தான் நடக்கும்" என்று பச்சைத் தவளைகள் பேசிக்கொண்டன. அந்த ஆண்டு மழை இல்லை. பாசி கருகியது. தண்ணீர் வற்றிய குளத்துக்குப் புதிதாக வந்தது நாரை.

அன்று மாலை, தவளைகளின் தலைவன் கொறட்டன் கூட்டம் கூட்டினான்.

"தினமும் பச்சைத் தவளைதான் சாகிறது. இந்த மண்ணாங்கட்டிகளில் ஒருத்தனும் சாகவில்லை. நாரையோடு பேசிவைத்து நம்மைக் காட்டிக்கொடுக்கிறார்கள்."

"நாரையைப் பார்த்தாலே நான் மூச்சடக்கிக் கிடக்கிறவன் அண்ணே. நான் எங்கே போய்ப் பேச?" என்றான் சேம்பன்.

"அக்காவைக் கொடுத்துவிட்டு நீ மட்டும் எப்படியடா வந்தாய்?" என்று கேட்டான் கொறட்டன்.

சேம்பன் மருதனைப் பார்த்தான். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

மருதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விடிந்ததும் சேற்றுத் தவளைகள் குளத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. வெளியே சொட்டு ஈரமில்லை. போனால் சாவுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மருதனுக்கு மனம் ஆறவில்லை. காலையில், தண்ணீர் மிச்சமிருந்த பள்ளத்தில் தாமரை இலைக்கடியில் இருந்துகொண்டு நாரையைக் கூப்பிட்டான்.

"நாரையாரே, எங்களை மட்டும்தான் தின்கிறீர். மற்றவர்கள் உமக்கு என்ன கொடுத்தார்கள்?"

"மற்றவர்களா?" நாரை கழுத்தை வளைத்தது. "இங்கே பச்சைத் தவளையைத் தவிர வேறொன்றை நான் கண்டதில்லையே. எங்கே, காட்டு பார்ப்போம்."

குளத்தைவிட்டுக் கிளம்பிய சேற்றுத் தவளைகள் அதன் காலடியிலேயே மூச்சடக்கிக் கிடந்தன. சேம்பனும் அங்கே இருந்தான். மருதனுக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சேற்றில் பச்சை உடம்பு தெரிகிறது, சேற்று நிற உடம்பு தெரியவில்லை. அவ்வளவுதான். இப்போது காட்டிக்கொடுக்கக் கூடியவன் அவன் ஒருவனே.

"யாருமில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், ஏதோ உளறினேன்."

"பாவம். கொஞ்சம் பக்கத்தில் வந்து பேசேன்" என்றது நாரை.

மருதன் தண்ணீருக்குள் மூழ்கினான்.

நாரை போனதும் நடந்ததை எல்லோரிடமும் சொன்னான். சேற்றுத் தவளைகளை அதன்பின் யாரும் விரட்டவில்லை. கொறட்டன் மட்டும் நம்பவில்லை. வழக்கம்போல் சேற்றில் அசையாமல் இருந்த அவனையும் சில நாளில் நாரை கொண்டுபோயிற்று.

அடுத்த மழைக்குப் பிறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை சேற்று நிறம். இன்று அந்தக் குளத்தில் பச்சைத் தவளைகள் மிகச் சில, அவையும் தாமரை இலைகளுக்கடியில்தான்.

தப்பிப் பிழைத்தவரெல்லாம் காட்டிக்கொடுத்தவர் அல்லர். நம் துயரத்துக்குக் காரணம் தேடும்போது பக்கத்தில் இருப்பவரைப் பலியாக்கக் கூடாது.